முகவரி கேட்கும் மருந்து
தலைநகரின் புலம்பெயர் தொழிலாளர்களும் தீராத காசநோயும்

புதுதில்லி: ஆனந்த் விஹார் ரயில் முனையத்தில் பொழுது புலரும் முன்பே கூட்டம் தொடங்கிவிடுகிறது. பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களிலிருந்தும் வரும் ரயில்களின் முன்பதிவில்லாப் பெட்டிகளிலிருந்து இளைஞர்கள் கும்பல் கும்பலாக இறங்குகிறார்கள். தோளில் ஒரு பை. சட்டைப் பையில், முன்பே வந்து வேலை பார்க்கும் அண்ணன் அல்லது ஊர்க்காரர் ஒருவரின் தொலைபேசி எண். தலைநகரில் அவர்களுக்கு இருக்கும் முகவரி அவ்வளவுதான்.

கட்டடம் கட்டவும், ஆசாத்பூர் சந்தையில் மூட்டை சுமக்கவும், பழைய தில்லியில் ரிக்ஷா மிதிக்கவும், காந்தி நகரில் ஆடை தைக்கவும் தில்லிக்கு இவர்கள் வேண்டும். ஆனால், இவர்களுள் ஒருவருக்கு இருமல் இரண்டு வாரங்களைத் தாண்டி நீடித்து, அது காசநோய்தான் என்று உறுதியாகிவிட்டால், அவரை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இந்த மாநகருக்குத் தெரிவதில்லை.

காசநோய்க்கான மருந்து அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோயை ஆறு மாதத்தில் குணப்படுத்திவிடலாம். முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதங்கள் மூன்று மருந்துகள். ஒரு நாளும் தவறக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. சிக்கல் தொடங்குவது அங்கேதான். ஒரே இடத்தில் ஆறு மாதம் தங்கியிருப்பவருக்காக வகுக்கப்பட்ட சிகிச்சை இது. புலம்பெயர் தொழிலாளியின் பிழைப்போ அவரை ஆறு மாதம் ஓரிடத்தில் இருக்க விடுவதில்லை.

தலைநகருக்கு முதலிடம்

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் காசநோய்ப் பரவல் குறித்த தேசிய ஆய்வு நடத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2022 மார்ச்சில் வெளியிடப்பட்டன. 15 வதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருப்பதாக அந்த ஆய்வு கண்டது. மாநிலங்களில் மிகக் குறைவு கேரளம். அங்கு லட்சத்துக்கு 115 பேர். மிக அதிகம் தில்லி. இங்கு லட்சத்துக்கு 534 பேர்.

நாட்டின் பெரிய மருத்துவமனைகளுள் பல இங்கேதான் இருக்கின்றன. காசநோய்க்கென்றே இருபத்தைந்து மார்பு மருத்துவ நிலையங்கள் இயங்குகின்றன. சுகாதார அமைச்சகமும் இங்கேதான் இருக்கிறது. அப்படியிருந்தும் தலைநகர் இந்தப் பட்டியலில் முதலிடத்தில் நிற்கிறது.

இதற்குத் தில்லிவாசிகள் சிலர் சுலபமான விடை ஒன்றை வைத்திருக்கிறார்கள்: "வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்து பரப்புகிறார்கள்." மருத்துவ உண்மை அவ்வளவு சுலபமானதன்று. நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ 31 சதவீதம் பேரின் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடப்பதாக அதே ஆய்வு கூறுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் நோய் வராது. உறங்கும் கிருமியை எழுப்பிவிடுவன அரைவயிற்று உணவு, நீரிழிவு, புகைப்பழக்கம், எச்.ஐ.வி., கல் உடைப்போரின் நுரையீரலில் படியும் தூசி போன்றவை. புதிதாகக் கிருமி தொற்றுவதற்கோ காற்றோட்டமில்லாத நெரிசல் போதும். ஊரிலிருந்து திடகாத்திரமாக வந்து இறங்கும் இளைஞருக்கு இவற்றில் பலவற்றைச் சேர்த்தே வழங்குகிறது தலைநகர்.

தில்லியும் குருகிராமும் சந்திக்கும் எல்லையில் உள்ள கபஷேராவைப் பார்த்தால் இது விளங்கும். அருகிலுள்ள ஆயத்த ஆடை ஆலைகளின் தொழிலாளர்கள் அங்கே வரிசை வரிசையான ஒற்றை அறைகளில் குடியிருக்கிறார்கள். நடுவில் இருண்ட குறுகிய நடை. ஒரு வரிசை முழுவதற்கும் பொதுவாகச் சில கழிப்பறைகள். வாடகையைப் பங்கிட்டுக்கொள்ள ஓர் அறையில் நான்கைந்து பேர் தங்குகிறார்கள். பகல் ஷிப்ட்காரர் சுருட்டும் பாயை இரவு ஷிப்ட் முடித்து வருபவர் விரிக்கிறார். சிகிச்சை பெறாத நுரையீரல் காசநோயாளி ஒருவர் ஓராண்டில் பத்து முதல் பதினைந்து பேருக்குக் கிருமியைப் பரப்பக்கூடும் என்பது மருத்துவ உலகம் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. இத்தகைய அறைகளில் அதற்கு ஓராண்டு தேவைப்படாது.

கை நழுவும் முதல் மாதம்

இருமல் தொடங்கியதும் தொழிலாளி அரசு மருத்துவமனையை நாடுவதில்லை. வெளிநோயாளிகள் பிரிவு இயங்குவது அவர் வேலை பார்க்கும் நேரத்தில். ஒரு நாள் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. சளிப் பரிசோதனையின் முடிவுக்கு மறுநாளும் சென்றால் இரண்டு நாள் கூலி. எனவே, குடியிருப்பின் முனையில் இரவு பத்து மணி வரை கடை திறந்து வைத்திருக்கும், பட்டம் இல்லாத 'ஜோலா சாப்' வைத்தியரிடம் செல்கிறார். ஓர் ஊசி, ஒரு புட்டி இருமல் மருந்து, நான்கைந்து மாத்திரைகள். காய்ச்சல் சற்றுத் தணிகிறது, கிருமி தணிவதில்லை. இப்படியே வாரங்கள் கழிகின்றன. காசநோய் அறிகுறி உள்ளவர்களில் ஏறத்தாழ 64 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையையும் நாடியிருக்கவில்லை என்று தேசிய ஆய்வு கண்டறிந்ததன் பின்னணி இத்தகைய வாழ்க்கைதான்.

வேலை போய்விடும் என்ற அச்சமும் உண்டு. நோயின் பெயர் தெரிந்தால் மேஸ்திரி மறுநாள் வரவேண்டாம் என்பார். அறையில் உடன் இருப்பவர்கள் வேறு இடம் பார்க்கச் சொல்வார்கள். மருந்து தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும் என்ற செய்தி மேஸ்திரிகளையும் வீட்டுக்காரர்களையும் எட்டவில்லை.

வீடு இருப்பவருக்கு வீட்டுச் சிகிச்சை

காசநோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்த ஊர் சென்னை. 1956-இல் அங்கு தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், நகரின் ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மறு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் சிகிச்சை அளித்து ஒப்பிட்டது. வீட்டில் மருந்து உட்கொண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்ற முடிவு 1959-இல் வெளியானது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது முக்கியக் காரணமாயிற்று. அந்த மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஏழைகளுக்குப் பெரும் நன்மை செய்த கண்டுபிடிப்பு அது. ஆனால், வீட்டுச் சிகிச்சைக்கு வீடு வேண்டும் என்பதை அதன்பின் வந்த திட்டங்கள் சட்டமாகவே ஆக்கிக்கொண்டன. 1993-இல் வடக்கு தில்லியின் குலாபி பாகில், பணியாளரின் கண்ணெதிரே மருந்து விழுங்கச் செய்யும் 'டாட்ஸ்' முறை சோதனையாகத் தொடங்கியது. 1997-இல் தேசியத் திட்டமாகி, 2006-இல் நாடு முழுவதையும் எட்டியது. இத்திட்டத்தில் மருந்து தொடங்குமுன் நோயாளியின் வீட்டுக்குப் பணியாளர் நேரில் சென்று முகவரியைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. புதிய நோயாளிகளில் 85 சதவீதம் பேரையாவது குணப்படுத்தியாக வேண்டும் என்பது இலக்கு.

இவ்விரண்டும் சேர்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதைத் தில்லியில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. இடையில் நின்றுவிடக்கூடும் என்று கருதப்பட்ட ஏழைகளும் இடம் மாறும் தொழிலாளர்களும் புதிய திட்டத்தில் சேர்க்கப்படாமல் பழைய முறைச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள். பாதியில் காணாமற்போகும் ஒவ்வொரு நோயாளியும் மையத்தின் வெற்றி விகிதத்தைக் குறைப்பவர் அல்லவா? எவருக்குச் சிகிச்சை மிக அவசியமோ அவரையே வெளியே நிறுத்தியது, குணமானவர்களைக் காட்டும் புள்ளிவிவரம்.

பாட்னாவிலிருந்து வந்த பெண்

முகவரி ஒருவரின் உயிரையே தீர்மானிக்கக்கூடும் என்பதை 2017-இல் நாடு கண்டது. பாட்னாவைச் சேர்ந்த 18 வயதுப் பெண் ஒருவர், ஏறத்தாழ எல்லா மருந்துகளுக்கும் கட்டுப்படாத கடுமையான காசநோயுடன் தில்லிக்கு அழைத்து வரப்பட்டார். அவருக்குப் பயன்படக்கூடிய புதிய மருந்தான பெடாக்குயிலின், 2016-இல் ஐந்து நகரங்களில் ஆறு மருத்துவமனைகளில் மட்டும் கிடைக்கத் தொடங்கியிருந்தது. தில்லி அவற்றுள் ஒன்று. பாட்னா பட்டியலில் இல்லை. அவர் தில்லிவாசி அல்லர் என்றும், மேலும் சில பரிசோதனைகள் தேவை என்றும் காரணம் கூறி மருந்து மறுக்கப்பட்டது.

அவருடைய தந்தை தில்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 2017 ஜனவரியில் வழக்கு விசாரணையின்போது அரசு மருந்து தர இசைந்தது. மருந்தும் கிடைத்தது. ஆனால், அதற்குள் நுரையீரல் பெரிதும் சிதைந்திருந்தது. 2018 அக்டோபரில் அந்தப் பெண் உயிரிழந்தார்.

பெடாக்குயிலின் இப்போது நாடு முழுவதும் வழங்கப்படுகிறது. மருந்து எதிர்ப்புக் காசநோயை ஆறே மாதத்தில் குணப்படுத்தும் புதிய கூட்டு மருந்து முறைக்கும் 2024-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அந்த வழக்கு எழுப்பிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது: இந்தியக் குடிமகன் ஒருவர் எந்த மாநிலத்தின் நோயாளி?

பாதியில் நிற்கும் மருந்து

மருந்து உட்கொள்ளத் தொடங்கிய இரண்டாவது மாதத்தில் இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது, உடலில் தெம்பு கூடுகிறது. நோய் போய்விட்டது என்று தோன்றும் நேரம் அதுதான். அந்நேரத்தில் கோதுமை அறுவடை வருகிறது. அல்லது சட் பூஜை வருகிறது. அல்லது கட்டட வேலை முடிந்து ஒப்பந்ததாரர் வேறு நகருக்கு அழைக்கிறார். தொழிலாளி ரயில் ஏறுகிறார். கையிலுள்ள மாத்திரை ஒன்றிரண்டு வாரத்தில் தீர்ந்துபோகிறது. எஞ்சிய கிருமிகள் அந்த இடைவெளியில் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றன. ஆறு மாதத்தில் தீர வேண்டியது நீண்ட, கடினமான சிகிச்சையாக மாறுகிறது. ஊரில் காத்திருக்கும் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அவர் கொண்டுசெல்லும் கிருமி, மாநகரில் பெற்ற கிருமி.

இதைத் தடுக்கும் கருவி அரசிடம் இல்லாமலில்லை. 2012-இல் காசநோய், கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் 'நிக்ஷய்' என்ற கணினிப் பதிவேடும் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் நாடு முழுவதும் செல்லுபடியாகும் எண் ஒன்று உண்டு. தில்லியில் தொடங்கிய சிகிச்சையை தர்பங்காவில் தொடர அந்த எண் போதும். ஆனால், தாம் ஊருக்குச் செல்வதை நோயாளி முன்கூட்டியே சொல்ல வேண்டும். மையம் அதைப் பதிவேட்டில் மாற்ற வேண்டும். ஊரிலுள்ள பணியாளர் அவரைத் தேடிச் செல்ல வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் சங்கிலி அறுந்துபோகும். ஒப்பந்ததாரர் இரவில் சொல்லி விடியலில் லாரி ஏற்றும்போது, தொழிலாளி மருத்துவ நிலையத்துக்குச் சென்று விடைபெறுவது எப்போது?

இந்தச் சங்கிலி எவ்வளவு மெலிந்தது என்பதை 2020 காட்டிற்று. அவ்வாண்டு மார்ச் 24, உலகக் காசநோய் நாள். அன்றிரவு எட்டு மணிக்கு நாடு தழுவிய பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டது. சில நாள்களில் ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் பல்லாயிரம் தொழிலாளர்கள் ஊர் திரும்பத் திரண்டார்கள். பேருந்து கிடைக்காதவர்கள் நடந்தார்கள். 2019-இல் நாடு முழுவதும் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவு செய்யப்பட்டிருந்தனர். 2020-இல் அந்த எண்ணிக்கை சுமார் 18 லட்சமாகச் சரிந்தது. நோய் குறைந்துவிடவில்லை, நோயாளிகள் கண்ணில் படவில்லை.

உணவும் ஒரு மருந்து

ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடைபெற்ற ஆய்வொன்றில், சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. காசநோயாளியின் குடும்பத்தினருக்கு மாதந்தோறும் கூடுதல் உணவுப் பொருள்கள் அளித்தபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாக 2023-இல் வெளியான அதன் முடிவுகள் கூறின. மருந்துக்கு நிகரான வலிமை அரிசிக்கும் பருப்புக்கும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நோயாளியின் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரில் இது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால், பணம் வங்கிக் கணக்கில்தான் சேரும். கணக்கு ஊரில், கணக்குப் புத்தகம் தாயிடம், பதிவு செய்த தொலைபேசி எண் எப்போதோ தொலைந்தது என்ற நிலையிலுள்ள தொழிலாளிக்கு அது உரிய காலத்தில் உணவாக மாறுவதில்லை. எந்த மாநிலத்திலும் ரேஷன் பெற வழிசெய்யும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தை எல்லா மாநிலங்களும் செயல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டது. தில்லியும் அதே ஆண்டில் அதில் சேர்ந்தது. எனினும், குடும்பத்துக்கு ஒரே அட்டை. அது ஊரிலுள்ள பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

ஒரே நாளில் மறையும் முகவரி

பல ஆண்டுகளாக நிலைத்துவிட்டவர்களின் முகவரியும் தலைநகரில் உறுதியானதன்று. நிஜாமுதீன் அருகே ஜங்புராவில் இருந்த 'மதராசி கேம்ப்' இதைத் தமிழர்களுக்கு உணர்த்தியது. பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த அந்தக் குடிசைப் பகுதி, பாராபுல்லா வடிகாலை ஆக்கிரமித்திருப்பதாகக் கூறி, உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. 370 குடும்பங்களில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அவ்வீடுகள் இருப்பதோ நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில். அப்படிப்பட்ட ஓரிடத்தில் ஒருவர் மூன்றாவது மாத மருந்தில் இருந்தால், அவருடைய மருத்துவ நிலையம், வேலை, உதவும் அண்டை வீட்டார் ஆகிய மூன்றும் ஒரே நாளில் விலகிப்போகும். புல்டோசர் வருமுன் அப்பகுதியின் நோயாளிகளைக் கணக்கெடுத்து, புதிய இடத்தின் மையத்திடம் ஒப்படைப்பதை வெளியேற்ற நடைமுறையின் ஒரு பகுதியாக ஆக்கினாலே பெரும் பயன் விளையும்.

வாக்கு எங்கே, நோய் எங்கே?

தில்லி அரசியலில் பூர்வாஞ்சல் மக்களுக்குச் செல்வாக்கு இல்லை என்று சொல்ல முடியாது. யமுனைக் கரையில் சட் பூஜைக்குப் படித்துறை அமைப்பதில் கட்சிகள் போட்டியிடுகின்றன. ஆனால், அந்தச் செல்வாக்கு இங்கே வாக்காளர் பட்டியலில் இடம்பிடித்தவர்களுக்கானது. நேற்று வந்து இறங்கியவரின், பருவத்துக்குப் பருவம் வந்து போகிறவரின் வாக்கு ஊரில் இருக்கிறது. ஊரில் உள்ள அரசு அவரைத் தில்லியின் பொறுப்பு என்கிறது. தில்லி அவரை வெளியூர்க்காரர் என்கிறது.

சட்டமும் அவரைக் கைவிட்டிருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் அழைத்து வரப்படும் தொழிலாளர்களுக்கு ஒப்பந்ததாரர் இலவச மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்போ, ஐந்து தொழிலாளர் இருந்தாலே பொருந்தும் என்றிருந்த வரம்பைப் பத்தாக உயர்த்தியிருக்கிறது. சிறு ஒப்பந்ததாரரிடம் ஏழெட்டுப் பேராக வேலை பார்ப்பவர்கள் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள்.

2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018 மார்ச்சில் இதே தில்லியில் நடைபெற்ற மாநாட்டில் பிரதமர் அறிவித்தார். 2015-இல் லட்சத்துக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2024-இல் 187 ஆகக் குறைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. முன்னேற்றம்தான். ஆனால், 80 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற இலக்கில், குறைந்தது ஏறத்தாழ 21 சதவீதமே. உலகின் காசநோயாளிகளில் நால்வரில் ஒருவர் இன்னமும் இந்தியர்.

எஞ்சியிருக்கும் தூரத்தைக் கடக்கப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மார்பு மருத்துவ நிலையங்கள் வேலை முடிந்து வருவோருக்காக இரவிலும் திறந்திருக்கலாம். கட்டுமான இடங்களுக்கும் ஆலைக் குடியிருப்புகளுக்கும் பரிசோதனை வண்டிகள் முறையாகச் செல்லலாம். ஊருக்குப் புறப்படுபவரிடம் ஒரு மாத மருந்தைக் கேள்வி கேட்காமல் கொடுத்தனுப்பலாம். நோயாளி இடம் மாறினால் அவரைத் தேடும் பொறுப்பு, அவர் பதிவான மையத்துக்கும் சேரும் ஊரின் மையத்துக்கும் சமமாக இருக்கலாம். இவையெல்லாம் தில்லிக்கு மட்டும் உரியவையல்ல. திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டுமான இடங்களிலும் இதே பிகார் இளைஞர்கள்தான் உழைக்கிறார்கள். வீட்டுச் சிகிச்சையை உலகுக்குக் கற்றுத்தந்த தமிழகத்துக்கும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கடமை இருக்கிறது.

மாலையில் ஆனந்த் விஹாரிலிருந்து கிழக்கு நோக்கி ரயில்கள் புறப்படுகின்றன. ஊருக்குத் திரும்பும் அந்தக் கூட்டத்தில் இருமிக்கொண்டே ஏறுகிறவர் எவரிடமும் கிருமி முகவரி கேட்பதில்லை. மருந்தும் கேட்காதிருக்கும் நாளில்தான் காசநோய் ஒழிப்பு என்ற சொல்லுக்குப் பொருள் பிறக்கும்.